மரமா, செடியா என்ற முதல் கேள்வி

"12.9.1993, ஞாயிறு. உறை 6. சீவலப்பேரி, ஆற்றுக்குப் போகும் வழியில் வயல் வரப்பு. பிற்பகல். செடி. என் தோள் உயரம். பூ மஞ்சள், இதழ் ஐந்து. இலைக்காம்பில் குமிழ் இல்லை. விடை: சீமையகத்தி."

என் நாட்குறிப்பில் இருப்பதை அப்படியே எடுத்து எழுதியிருக்கிறேன். கடைசிச் சொல்லுக்குப் பக்கத்தில் பச்சை மையில் ஒரு கேள்விக்குறி இருக்கிறது. அதை அன்று இரவு சாப்பாட்டுக்கு முன்னால் போட்டேன். போட வைத்தவள் என் அக்கா.

அக்கா அப்போது பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் தாவரவியல் விரிவுரையாளர். வேலை பார்த்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தாள். தாமிரபரணிக் கரையில் வளரும் கொன்றையும் அதன் உறவுச் செடிகளும்தான் அவளுடைய ஆய்வு. நான் பேட்டையில் ஒரு பட்டறையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கைக்குக் கிடைத்ததைப் படிப்பேன், கண்ணால் கண்டதைத் தேதி போட்டு எழுதி வைப்பேன். ஆனால் தாவரவியலில் என் படிப்பு பள்ளிக்கூடத்தோடு சரி. அந்த மாதம் அக்காவுக்கு என் அறிவு தேவைப்படவில்லை. என் அறியாமைதான் தேவைப்பட்டது.

ஏன் என்பதைச் சொல்ல வேண்டும். சரக்கொன்றை, ஆவாரை, தகரை, பேயாவிரை என்று நாம் தனித்தனியாகச் சொல்லும் ஒவ்வொன்றும் ஒரு சிற்றினம். நெருங்கிய உறவுள்ள சிற்றினங்களைச் சேர்த்து ஒரு கூட்டமாக வைத்தால் அது பேரினம். மேலே சொன்ன அத்தனையும் நெடுங்காலமாகக் காசியா என்ற ஒரே பேரினத்தில் இருந்தன. நூற்றுக்கணக்கான சிற்றினங்கள் அடைந்து கிடந்த பெரிய வீடு அது. அக்கா ஆய்வைத் தொடங்குவதற்குச் சில வருடங்களுக்கு முன்தான் வெளிநாட்டு ஆய்வாளர்கள் அந்த வீட்டை மூன்றாகப் பிரித்திருந்தார்கள். சரக்கொன்றை காசியாவிலேயே தங்கிவிட்டது. ஆவாரையும் தகரையும் சென்னாவுக்குப் போயின. தரையோடு கிடக்கும் சில சிறு செடிகள் கமேகிரிஸ்டா ஆயின.

அக்கா இந்தப் பிரிவினையை ஏற்றுக்கொண்டு மூன்று வருடம் வேலை செய்திருந்தாள். அவளுடைய நெறியாளரான பேராசிரியர் ஏற்கவில்லை.

"நம்ம அலமாரியில காசியான்னு எழுதி ஒட்டின தாள் எத்தனை இருக்கு தெரியுமா? எல்லாத்தையும் கிழிச்சு அடுப்புல போடச் சொல்லுதியா?" என்று கேட்டாராம்.

"கிழிக்க வேண்டாம் சார். பக்கத்துல ஒரு சீட்டு ஒட்டினாப் போதும்."

"இன்னொருத்தன் வந்து ஆறாப் பிரிச்சா ஆறு சீட்டு ஒட்டுவியோ?"

இந்தப் பேச்சு ஒரு வருடமாக நடந்துகொண்டிருந்தது. கடைசியில் பேராசிரியர் ஒரு வழி சொன்னார். செடியைப் பார்த்துப் பெயரைக் கண்டுபிடிக்க உதவும் கேள்வி வரிசை ஒன்றை அக்கா எழுத வேண்டும். தாவரவியலார் அதைத் திறவுகோல் என்பார்கள். ஒவ்வொரு படியிலும் ஒரு கேள்வி, இரண்டே பதில்கள். ஒரு பதிலைப் பிடித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போக வேண்டும். இப்படியே போனால் பேரினம் வரும், பிறகு சிற்றினம் வரும். அதைத் தாவரவியல் தெரியாத ஒருவர் கையில் கொடுத்துக் கரையோரம் அனுப்ப வேண்டும். அவர் கொண்டுவரும் செடிகளில் எல்லாப் பெயரும் சரியாக வந்தால் மூன்று பேரினம் நிற்கும். ஒன்று தப்பினாலும் ஆய்வேட்டின் வகைப்பாட்டு அத்தியாயங்களை ஒரே காசியாவாகத் திருப்பி எழுத வேண்டும்.

திருப்பி எழுதுவது என்றால் பாதி ஆய்வேடு போகும். அவளுடைய பதிவுக் காலமோ டிசம்பரோடு முடிகிறது. திருப்பி எழுத அவகாசமே கிடையாது. வீட்டில் யாருக்கும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த ஆவணி முழுவதும் அவள் சாப்பிட்ட சாப்பாட்டைப் பார்த்தாலே தெரிந்தது.

தாவரவியல் தெரியாத அந்த ஒருவர் நான்.

எனக்கு முதலில் ஒன்று பிடிபடவில்லை. எல்லாமே மஞ்சள் பூ, எல்லாமே அவரை மாதிரி காய். எதற்குப் பிரிக்க வேண்டும்? அக்கா ஒரு படம் வரைந்தாள். கொன்றைப் பூவுக்குள் பத்து மகரந்தக் கால்கள் உண்டு. அவற்றில் மூன்று மட்டும் நீண்டு, கீழே இறங்கி, வளைந்து மேலே எழும்பி நிற்கும். ஆவாரையில் அப்படி இல்லை. கால்கள் குட்டையாக, நேராக, தலை கனத்து இருக்கும். கமேகிரிஸ்டாவைப் பிடிக்கப் பூக்காம்பைப் பார்க்க வேண்டும். அதன் நடுவிலோ சற்று மேலேயோ இரண்டு சின்னஞ்சிறு செதில்கள் இருக்கும்.

"இத்துனூண்டு வளைவுக்காக ஒரு குடும்பத்தைப் பிரிப்பியா?" என்றேன்.

"உன் பட்டறையில போல்ட்டை எதைப் பார்த்துப் பிரிப்பிய?"

அந்தக் கேள்வி எனக்கு உறைத்தது. எங்கள் பட்டறையில் ஒரு தடவை போல்ட்டுகளைத் தலையைப் பார்த்துப் பிரித்து டப்பாக்களில் போட்டு வைத்திருந்தார்கள். அறுகோணத் தலை ஒரு டப்பா, உருண்டைத் தலை ஒரு டப்பா. பார்வைக்கு அழகாக இருந்தது. நட்டை எடுத்து மாட்டப் போனால் ஒன்றும் ஏறவில்லை. பார்க்க வேண்டியது தண்டைச் சுற்றி வெட்டியிருக்கும் மரையை. கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது ஒன்று, உறவைச் சொல்வது வேறொன்று. இதற்குமேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

ஞாயிறு காலை திறவுகோல் தாள், ஒரு கைலென்ஸ், பழுப்பு உறைகள், இரண்டு இட்லிப் பொட்டலம் இவற்றோடு ஸ்ரீவைகுண்டம் பஸ் ஏறினேன். அணைக்கட்டுப் பக்கம் ஒரு சரக்கொன்றை பருவம் தப்பி இரண்டு சரம் விட்டிருந்தது. தாழ்ந்த சரத்தை வளைத்து ஒரு பூவைப் பறித்து லென்ஸைக் கண்ணோடு வைத்தேன். மூன்று கால்கள் படத்தில் போட்டிருந்தபடியே வளைந்து எழும்பி நின்றன. எத்தனையோ வருடமாக வெறும் மஞ்சளாகப் பார்த்த பூ. அதற்குள் இப்படி ஒன்று இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. நாட்குறிப்பில் அந்த வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன். நான் கோடு போடுகிறவன் அல்ல.

பிறகு எனக்கு வேகம் பிடித்துவிட்டது. வாழைத் தோட்டத்து ஓரத்தில் தகரை. குப்பைமேட்டில் பேயாவிரை. வறண்ட மேட்டில் ஆவாரை, அதன் இலைத்தண்டில் ஒவ்வொரு சோடி இலைக்கும் நடுவே ஒரு குமிழ் நின்றது. ஆடு மேய்ந்த தரையில் தொட்டாற்சிணுங்கி மாதிரி இலையோடு, சட்டைப் பொத்தான் அளவு பூவோடு ஒன்று கிடந்தது. குப்புறப் படுத்து லென்ஸை வைத்தேன். பூக்காம்பில் இரண்டு செதில்கள் இருந்தன. கமேகிரிஸ்டா. ஆடு மேய்க்கிறவர் வந்து, "அண்ணாச்சி, என்னத்தைத் தொலைச்சிய?" என்று கேட்டார். கிடைத்துவிட்டது என்றேன். அவரும் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்.

சீவலப்பேரிக்கு வரும் பஸ்ஸில் என் சட்டைப் பையில் டிக் என்று ஒரு சத்தம். மறுபடி டிக். அந்தச் சிறு செடியின் காய்ந்த காய்கள்தான். உடல் சூட்டில் வெடித்து, ஓடுகள் திருகிக்கொண்டு விதையை உறைக்குள் எறிந்தன. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "என்ன அண்ணாச்சி, தீவாளிக்கு இன்னும் நாள் கிடக்கே" என்றார். திருகி வெடிப்பது அந்தப் பேரினத்துக்கே உள்ள குணம் என்று அவருக்கு விளக்கினேன். அவர் அடுத்த நிறுத்தத்தில் வேறு இடம் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

சீவலப்பேரியில் இறங்கி ஆற்றுக்குப் போகும் வழியில்தான் அந்த ஆறாவது. வரப்போரம் வரிசையாகத் தோள் உயரத்துக்குப் புதர்கள். நுனியில் கொத்தாக மஞ்சள் பூ. தாளை எடுத்தேன். முதல் கேள்வி, மரமா, செடியா? செடி. பூக்காம்பு நடுவில் செதில் உண்டா? இல்லை. அப்படியானால் சென்னா. இலைக்காம்பில் குமிழ் உண்டா? இல்லை. விடை, சீமையகத்தி.

சாயங்காலம் அக்கா உறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ஒன்று முதல் ஐந்து வரை சரி. ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள், முகம் மலர்ந்துகொண்டே வந்தது. ஆறாவதைப் பிரித்ததும் ஆட்டம் நின்றது.

"ஏல, இதை எங்கன பறிச்ச?"

சொன்னேன்.

"சீமையகத்தி இலை ஒண்ணொண்ணும் உள்ளங்கை அகலம் இருக்கும். இது விரல் அகலம். மஞ்சள் கொன்றை இலை மாதிரில்லா இருக்கு. ஆனா அது மரம்."

"இது செடிக்கா."

"நல்லாப் பார்த்தியா?"

"என் தோள் உயரம். நான் என்ன குருடனா? தோள் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

"மஞ்சள் கொன்றை இலை இதைவிடச் சின்னதா இருக்குமே. பூவைக் காட்டு."

பூவை நான் லென்ஸுக்கு அடியில் பிய்த்துப் பார்த்திருந்தேன். உறையில் இருந்தது வாடிய கசங்கல். அக்கா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு எழுந்து நின்றாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள்.

"ரெண்டுல ஒண்ணு. என் திறவுகோல் உடைஞ்சு போச்சு, இல்லேன்னா இந்தக் கரையில யாரும் எழுதி வைக்காத ஒரு செடி நிக்கி."

அவள் பயந்திருக்க வேண்டிய நேரம் அது. ஆனால் அவள் கண்ணில் பயத்தைவிட வேறொன்று கூடுதலாக இருந்தது. எனக்கும் அது தொற்றிக்கொண்டது. புதுச் செடிக்குப் பெயர் வைப்பது எப்படி என்று கேட்டேன். முதலில் பேரினப் பெயர், பிறகு சிற்றினப் பெயர் என்றாள். நம் ஊரில் அதைத் தலைகீழாகச் சொல்கிறோம், சரக்கொன்றை, மஞ்சள் கொன்றை, மயில்கொன்றை என்று கூட்டத்தின் பெயர் பின்னால் வருகிறது என்றேன். "அதுல மயில்கொன்றை கொன்றைக் கூட்டமே இல்ல. நம்ம ஆளுக பூவோட பகட்டைப் பார்த்துப் பேர் வச்சிருக்காங்க. சரி, நாளைக்கு முதல் பஸ். பிசான நெல் நடவுக்குத் தழை வெட்ட ஆரம்பிச்சிருப்பாங்க. பூவோட சேர்ந்து போயிரும்" என்றாள்.

திங்கள் காலை இருவரும் விடுப்புச் சொல்லிவிட்டுச் சீவலப்பேரியில் இறங்கினோம். தூரத்திலேயே தெரிந்துவிட்டது. வரிசையில் பாதி இல்லை. இரண்டு பெண்கள் அரிவாளால் வெட்டிக் கட்டுகளாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நாற்றங்காலுக்கும் வயலுக்கும் மிதிக்கிற தழை. அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பில் ஓடினாள். அவள் ஓடி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"எம்மா, கொஞ்சம் நிறுத்துங்க. ஒரே ஒரு கொப்பு பூவோட வேணும்."

மூத்தவள் அரிவாளை இறக்கினாள். "என்ன டீச்சரம்மா, தழைக்கா வந்திய? பள்ளிக்கூடத்துலயும் நடவா?"

இளையவள், "ஒரு கட்டு கொண்டு போங்க. சார்வாள் சும்மாத்தான நிக்காவ, தலையில வச்சு விடுதேன்" என்றாள்.

"இதுக்கு என்ன பேருன்னு சொல்லுதிய?" என்று நான் கேட்டேன்.

"தழை."

"செடிக்கு?"

"வெட்டினா தழை, வெட்டாட்டா நிழலு. வேற என்ன பேரு வேணும்?"

அக்கா இதையெல்லாம் கேட்கவில்லை. பூவை லென்ஸில் பார்த்தாள். கால்கள் குட்டை, நேர். வளைவே இல்லை. "சென்னாதான்" என்றாள். பிறகு மண்டியிட்டு அடியிலிருந்த புல்லை இரண்டு கையாலும் விலக்கினாள்.

புல்லுக்குள்ளே என் தொடைப் பருமனில் ஒரு அடிமரம். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வருடா வருடம் வெட்டுப்பட்டு முண்டும் முடிச்சுமாக இருந்தது. நான் செடி என்று எழுதியது அதிலிருந்து கிளம்பிய ஒரு வருடத்துத் துளிர்கள். வெட்டின மரத்தின் துளிரில் இலை பெரிதாக வரும் என்று அக்கா பிறகு சொன்னாள். அடுத்த புதரை விலக்கினாள். அங்கேயும் அடிமரம். வரிசை முழுவதும் மஞ்சள் கொன்றை மரங்கள். தோளுக்கு மேல் வளர விடாமல் பிசானம் பிசானமாக வெட்டப்பட்டவை.

புதுச் செடி இல்லை. திறவுகோல்தான் உடைந்திருந்தது. அக்கா அழுவாள் என்று நினைத்தேன்.

"முதல் கேள்வியே தப்புல" என்றாள். குரல் ஏறியிருந்தது. "மரமா செடியான்னு நான் கேட்டிருக்கவே கூடாது. உனக்காகத்தான் அதை முதல்ல வச்சேன். லென்ஸைக் கண்டா முழிப்பியேன்னு, கண்ணுக்குத் தெரியுறதைக் கேட்டேன்."

"இப்ப என்ன செய்ய?"

"உயரத்தை அருவா மாத்திரும், ஆடு மாத்திரும். பூவுக்குள்ள இருக்க காலை எந்த அருவா மாத்தும்? அதைத்தான் முதல்ல கேக்கணும்."

அப்படியே வரப்பில் உட்கார்ந்து, உறை ஒன்றைக் கிழித்து, அதன் முதுகில் எழுதத் தொடங்கினாள். முதல் கேள்வி, மூன்று கால்கள் நீண்டு வளைந்தவையா? இரண்டாவது, பூக்காம்பு நடுவில் செதில் உண்டா? மரம், செடி என்ற சொற்களே தாளில் இல்லை. அவள் எழுதி முடிக்கும்வரை அந்தப் பெண்கள் கடைசிப் புதரை வெட்டாமல் விட்டு வைத்திருந்தார்கள். "எந்திரிங்கம்மா, நிழலை வெட்டணும்" என்று இளையவள் சொன்ன பிறகுதான் எழுந்தோம்.

பேராசிரியரிடம் நானும் கூடப் போனேன். அக்கா நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள்.

"அப்போ ஒண்ணு தப்பு" என்றார் அவர். "பேச்சுன்னா பேச்சு."

நான் பொறுக்காமல், "சிற்றினம்தானே சார் தப்பு? பேரினம் சென்னான்னு சரியாத்தானே வந்திருக்கு?" என்றேன்.

"அது உம்ம அதிர்ஷ்டம், வே. அதே வரப்புல சரக்கொன்றையை வெட்டி விட்டிருந்தா என்ன செஞ்சிருப்பீர்? செடின்னு போயிருப்பீர். அந்தப் பக்கம் காசியாவே கிடையாதே."

அக்கா, "சார் சொல்லுதது சரி. அதனாலதான் மாத்திட்டேன்" என்று கிழிந்த உறையை மேசையில் வைத்தாள்.

அவர் கண்ணாடியை ஏற்றி இறக்கி இரண்டு முறை வாசித்தார். "மறுபடி யாரு சோதிக்க? உன் தம்பி செல்லாது. அவருக்கு விடை தெரிஞ்சு போச்சு."

"நீங்களே ஒரு ஆளைச் சொல்லுங்க சார்."

அவர் சொன்ன ஆள் அவருடைய மனைவி. பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். 17.9.1993, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் புதிதாகப் பறித்த ஆறு கொப்புகளை ஈரத் துணியில் வைத்தோம். சீவலப்பேரித் துளிரும் அதில் ஒன்று. பக்கத்து வரப்பில் இன்னும் வெட்டாமல் நின்ற ஒரு புதரிலிருந்து அக்கா முந்தின நாள் போய் எடுத்து வந்திருந்தாள். அந்த அம்மா தாளை வாங்கிக் கணக்கு விடைத்தாள் மாதிரி நீவி வைத்துக்கொண்டார்.

"வளைஞ்சிருக்கான்னு கேட்டிருக்கு. ஆமா. வளைஞ்சிருக்கு. அப்போ காசியா. அடுத்தது கொண்டா."

ஐந்து சரியாக வந்தன. அக்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆறாவதில் அந்த அம்மா நேரம் எடுத்தார். லென்ஸைத் துடைத்து மறுபடி பார்த்தார்.

"வளைவு இல்ல. செதில் இல்ல. சென்னா. குமிழ் இல்ல. இலை விரல் அகலமா, கை அகலமான்னு கேக்குது. விரல் அகலம். மஞ்சள் கொன்றை." நிமிர்ந்து பார்த்தார். "அது ரோட்டோர மரம்லா? இந்தக் குச்சியா அது?"

அதேதான் என்று அக்கா தலையை ஆட்டினாள். அவர் கணவரைப் பார்த்து, "இவ்வளவு தெளிவா இருக்கு. இதுக்கா ஒரு வருஷமா அந்தப் பிள்ளைகிட்ட மல்லுக்கு நின்னிய?" என்றார்.

பேராசிரியர் சரக்கொன்றைப் பூவை எடுத்து, லென்ஸ் இல்லாமல் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "மூணாவே இருக்கட்டும். ஆனா ஒவ்வொரு பேருக்குப் பக்கத்துலயும் பழைய காசியாப் பேரையும் போடணும்."

"முறைப்படி அது போடத்தான் சார் வேணும்" என்றாள் அக்கா. அவர் சொன்னதால் போடுகிறாளா, முறை என்பதால் போடுகிறாளா என்று அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் அக்கா பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தாள். தெருவில் இருந்த ஒவ்வொரு மஞ்சள் பூவையும் காட்டி, "இது என்னல, சொல்லு" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். கண்டபடி சொன்னேன். ஒன்றிரண்டு சரியாகவும் இருந்தன. அன்று இரவு அவள் மூன்று தோசை கூடுதலாகச் சாப்பிட்டதாக எழுதி வைத்திருக்கிறேன்.

ஆய்வேடு டிசம்பரில் மூன்று பேரினங்களோடு போனது. மறு வருடம் பட்டம் வந்தது. புறத் தேர்வாளர் அறிக்கை எழுதுவதற்கு முன், தம் வீட்டு வாசலில் மின்கம்பிக்காக வெட்டிவிட்டிருந்த ஒரு மரத்தின் பூவைப் பறித்து, அக்காவின் திறவுகோலை வைத்து மஞ்சள் கொன்றை என்ற விடைக்கு வந்தார் என்று பேராசிரியர் அக்காவிடம் சொன்னார். அக்கா என்னிடம் சொன்னாள். அறிக்கையின் நகலை நான் வாசித்திருக்கிறேன். அதில் அப்படி ஒரு வரி இல்லை. தாம் தோற்றுப்போன வழக்கைப் பற்றிப் பேசும்போது பேராசிரியர் கொஞ்சம் தாராளமாகப் பேசுகிறவர். அந்த மரம் மஞ்சள் கொன்றைதானா, அப்படி ஒரு மரம் அந்த வாசலில் இருந்ததா என்பதை நான் இதுவரை சரிபார்க்கவில்லை.